தடுப்பூசியும் நட்டஈடும்: கைநாட்டு வைக்கும் முன்

(பதுளையில் நடைபெற்ற தோட்டத் தொழிலாளர் பொதுக்கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

நமுனுகுலைச் சாரலிலிருந்தும், மடுல்சீமை மலையிலிருந்தும், பசறை, லுணுகலை, ஹாலிஎல, தெமோதரை, பண்டாரவளை, அப்புத்தளைப் பகுதிகளிலிருந்தும் ஞாயிற்றுக்கிழமை ஓய்வையும் துறந்து வந்திருக்கும் தாய்மார்களே! தோழர்களே!

எனக்கு முன் பேசியவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசினார்கள். காணியைப் பற்றிப் பேசினார்கள். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போகும் நாள் எந்நாள் என்று கேட்டார்கள். எனக்குத் தரப்பட்ட பொருள் அவற்றைவிடச் சிறியது போலத் தோன்றும். ஓர் ஊசியைப் பற்றிய பேச்சு அது. தடுப்பூசி ஏற்றப்பட்ட பின் ஒரு குழந்தையோ பெரியவரோ நலங்கெட்டுவிட்டால், அல்லது ஊசியினாலேயே நலங்கெட்டதென்று குடும்பத்தார் முறையிட்டால், நட்டஈடு தரவேண்டியவர் யார்? அதை எவ்வழியிற் பெறுவது? அதைவிட முக்கியமாக, எந்தத் தாளிற் கைநாட்டு வைத்துப் பெறுவது?

தொடங்குமுன் ஒன்றைத் திட்டவட்டமாகக் கூறிவிடுகிறேன். தடுப்பூசி வேண்டாமென்று சொல்ல நான் இங்கு வரவில்லை. அப்படி எண்ணிக்கொண்டு எவரேனும் வந்திருந்தால் ஏமாற்றமடைவார். இந்நாட்டில் அம்மைப்பால் குத்துவதைக் கட்டாயமாக்கிய கட்டளைச் சட்டம் பிறந்தது 1886ஆம் ஆண்டில். பெரியம்மை இவ்வுலகை விட்டே ஒழிந்ததென்று 1980ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் இளம்பிள்ளைவாதத்தால் ஒரு பிள்ளை கடைசியாக முடங்கியது 1993ஆம் ஆண்டில். அதன்பின் இன்றுவரை ஒரு பிள்ளையும் அந்நோயால் முடங்கவில்லை. லயத்திலே ஒரு காம்பராவில் ஆறு பேர் படுத்துறங்கும் நமக்கு, தொற்றுநோய் வந்தால் ஓடி ஒதுங்க வேறு அறை ஏது? மாளிகையில் வாழ்வோரைவிட நமக்கன்றோ அந்த ஊசி அதிகம் தேவை! ஆகவே, பிள்ளைகளைக் கிளினிக்குக்குக் கொண்டு செல்லுங்கள். குறித்த மாதத்திற் குறித்த ஊசியைத் தவறாது போடுங்கள்.

ஊசிக்கும் நமக்கும் உள்ள உறவு நேற்று வந்ததன்று. நம் பாட்டன் பாட்டிமார் கடல் கடக்குமுன் மண்டபம் முகாமில் நிறுத்தி வைக்கப்பட்டார்கள். அங்கே அவர்கள் தங்கினார்கள், சோதிக்கப்பட்டார்கள், அம்மை குத்தப்பட்டார்கள். அதன் பிறகே கப்பல். “குத்திக்கொள்ளச் சம்மதமா?” என்று அவர்களை எவரும் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சம்மதம் கேட்கப்படாத உடம்பில் ஏற்றிய மருந்து தீங்கு செய்தால் அதற்குக் கணக்குக் கேட்கும் உரிமையும் அன்று இருக்கவில்லை. இன்று நாம் குடியுரிமையுள்ள மக்கள். அவ்வுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தையும், அதை மீட்கப் பட்ட பாட்டையும் இக்கூட்டத்திற்கு நான் விளக்க வேண்டியதில்லை. குடிமகன் கணக்குக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும்.

தோழர்களே! இலட்சம் பேருக்கு நன்மை செய்யும் மருந்து ஒருவருக்குத் தீமை செய்வதுண்டு. மருத்துவர்கள் அதை மறுப்பதில்லை. மிக அரிது என்பார்கள், உண்மை. ஆனால் அந்த அரிதான ஒன்று எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறதோ, அந்த வீட்டில் அது அரிதன்று; அந்த வீட்டுக்கு அதுவே முழுமை. ஊரெல்லாம் நோயின்றி வாழ்வதற்காக ஒரு வீடு ஊனத்தைச் சுமக்குமானால், அச்சுமையை அந்த வீட்டின் தலையில் மட்டும் ஏற்றிவிட்டு ஊர் நடந்துபோவது நீதியா? இந்தக் கேள்வியைத்தான் உலகத்து நீதிமன்றங்கள் நூறாண்டுகளுக்கு மேலாகக் கேட்டுவருகின்றன.

1902ஆம் ஆண்டு, அன்றைய பஞ்சாபில் முல்கோவால் என்னும் கிராமத்தில் கொள்ளைநோய்த் தடுப்பூசி போட்டார்கள். ஒரே புட்டியிலிருந்து மருந்து பெற்ற 19 பேர் ஏற்புவலி கண்டு மாண்டார்கள். ஊசியைக் கண்டுபிடித்த ஹாவ்கின் என்னும் அறிஞர்மீது பழி விழுந்தது, பதவியையும் இழந்தார். புட்டியைத் திறக்கும்போது கிராமத்தில் நேர்ந்த அசுத்தமே காரணமென்று வாதாடிய பேரறிஞர் பலர் துணைநின்றதால் 1907ஆம் ஆண்டில் அவர் பழி நீங்கியது. நல்லது; குற்றமற்றவர் மீண்டார். ஆனால் இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கொரு நெருடல். யார் குற்றம் என்பதே ஐந்தாண்டு வழக்காயிற்று. குற்றம் யாருடையதானாலும் பத்தொன்பது குடும்பங்கள் பறிகொடுத்தவை பறிகொடுத்தவைதாமே! அறிஞர் பெயரைச் சரித்திரம் காத்து வைத்திருக்கிறது. அந்தப் பத்தொன்பது பேரின் பெயரை இங்கு யார் அறிவார்?

அரை நூற்றாண்டு கழித்து, 1955ஆம் ஆண்டில், அமெரிக்காவில் கட்டர் என்னும் மருந்துக் கம்பனி தயாரித்த இளம்பிள்ளைவாதத் தடுப்பூசியிற் சில தொகுதிகளில் உயிருள்ள கிருமி தங்கிவிட்டது. காக்க வந்த ஊசியே பிள்ளைகளை முடக்கியது. பத்துப் பேர் இறந்தனர். 1958ஆம் ஆண்டில் கலிபோர்னிய ஜூரிமார் கூறிய தீர்ப்பு சட்டம் படித்தவர்கள் மறவாத தீர்ப்பு. “கம்பனி கவனக்குறைவாக நடக்கவில்லை, ஆயினும் பாதுகாப்பானதென்று விற்ற மருந்து பாதுகாப்பாக இருக்கவில்லை, ஆகவே நட்டஈடு தரவேண்டும்” என்றார்கள். குற்றம் வேறு, கடன் வேறு என்று பிரித்துக் காட்டிய தீர்ப்பு அது.

இப்பிரிவை நாடுகள் சட்டமாகவும் ஆக்கின. மேற்கு ஜெர்மனி 1961ஆம் ஆண்டில் தொடங்கிவைத்தது. ஜப்பான், தென் கொரியா, தைவான், வியட்நாம் என்று ஆசியாவிலும் பல நாடுகள் அவ்வழி வந்தன. யார் தவறு என்று கேளாமலே நட்டஈடு தரும் திட்டங்கள் அவை. பிரித்தானியாவில் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி, நூற்றுக்கு 60 பங்கு ஊனம் என்று கணிக்கப்பட்டவருக்கு ஒரே தொகை தரப்படும். இன்று அது 1,20,000 பவுண். அதைப் பெற்றவர் பின்னர் வழக்குத் தொடுக்கவும் தடையில்லை. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேடி மறுபடியும் வருவேன்.

அமெரிக்காவில் 1986ஆம் ஆண்டுச் சட்டம். ஊசி தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் மருந்தளவொன்றுக்கு 75 சதம் வரி. அந்த வரிப்பணமே நட்டஈட்டு நிதி. வழக்கு நல்லெண்ணத்தோடும் தக்க காரணத்தோடும் தொடுக்கப்பட்டிருந்தால், தோற்றாலும் வழக்கறிஞர் கூலியை நிதியே கொடுக்கும். (இதைக் கேட்டு என் தொழிற் சகோதரர் சிலர் முகம் மலர்வதை மேடையிலிருந்தே காண்கிறேன்!) அந்நாட்டில் இதுவரை வழங்கப்பட்ட நட்டஈடுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 60 பங்கு, இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டவை. அவற்றில் “ஊசிதான் காரணம்” என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை; “ஊசி காரணமன்று” என்று குடும்பமும் ஒப்பவில்லை. ஐயம் ஐயமாகவே நின்றது. பணம் மட்டும் பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது. சமரசம் என்றால் அதுவே சமரசம். குற்றத்தை ஒப்புவித்தாலன்றி வாங்கமாட்டேன் என்று வீம்பு பிடிப்போருக்கும், குற்றமில்லை என்று எழுதித் தந்தாலன்றிக் கொடுக்கமாட்டேன் என்று விறைப்பாக நிற்போருக்கும் இது ஒரு பாடம்.

ஐயம் என்றேன். அந்தச் சொல்லில் சற்று நிற்க வேண்டும். இவ்வழக்குகளின் உயிர்நிலை அங்கேதான் இருக்கிறது. கக்குவான் தடுப்பூசியால் குழந்தையின் மூளை நிலையாகக் கெடுமா என்ற கேள்வி 1988ஆம் ஆண்டில் இலண்டன் நீதிமன்றத்தில் வந்தது. மாதக்கணக்கில் நிபுணர் சாட்சியம் கேட்ட நீதிபதி, “எண்பிக்கப்படவில்லை” என்றார். நான்கே ஆண்டு கழித்து, 1992இல், அயர்லாந்தின் உச்ச நீதிமன்றத்தில் அதே வகை ஊசியைப் பற்றிய வழக்கில் குடும்பம் வென்றது. சோதனையிற் சரிவராத ஒரு தொகுதி மருந்தைக் கம்பனி வெளியே விட்டது என்பதும், பிள்ளையின் தீங்கு அதனால் வந்ததென்பதும் அங்கு ஏற்கப்பட்டன. தொகையைத் தீர்மானிக்கத் திரும்பிய வழக்கு 27 இலட்சத்து 50 ஆயிரம் பவுணுக்குச் சமரசமாக முடிந்தது. அவ்வழக்கில் பெரும் போராட்டம் நடந்தது எதைப் பற்றித் தெரியுமா? முதல் வலிப்பு ஊசி ஏற்றிய அன்றே வந்ததா, நெடுநாள் கழித்து வந்ததா என்பதைப் பற்றி! 1969ஆம் ஆண்டில் தன் கைக்குழந்தைக்கு நேர்ந்ததை அந்தத் தாய் இருபதாண்டு கழித்துக் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டியதாயிற்று.

இன்னொன்றையும் ஒளிக்காமற் சொல்வது என் கடமை. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் நடத்திய ஆய்வொன்றில், ஊசியால் மூளை கெட்டதென்று கருதப்பட்ட 14 பேரைச் சோதித்தபோது, அவர்களில் 11 பேருக்குப் பிறவியிலேயே ஒரு மரபணுக் கோளாறு இருந்தது தெரியவந்தது. ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் அவர்களுக்கு அந்த வலிப்பு வந்திருக்கும் என்பதே அதன் பொருள். ஆகவே, ஊசிக்குப் பின் வந்ததெல்லாம் ஊசியால் வந்ததாகாது. காகம் உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம்மவர் அறியாததன்று. குடும்பத்தார் பொய் சொன்னார்கள் என்றும் ஆகாது. அவர்கள் கண்டதைச் சொன்னார்கள். அறிவியல் அறிந்ததைச் சொன்னது. அன்று அறியாததைப் பின்னர் அறிந்தது.

அப்படியானால், அறிவியலே தடுமாறும் அந்த இடைக்காலத்தில் ஐயத்தின் பாரத்தை யார் சுமப்பது? கம்பனிக்கு நிபுணர் உண்டு. அரசுக்குச் சட்டமா அதிபர் உண்டு. கொழுந்து பறிக்கும் தாயிடம் என்ன உண்டு? ஒரு கிளினிக் கொப்பி உண்டு. என் பேச்சு முழுவதும் இந்த ஒரு கேள்விக்குத்தான்.

இனி நம் நாட்டுக்கு வருகிறேன்.

இலங்கையில் தடுப்பூசித் தீங்குக்கென்று தனி நட்டஈட்டுச் சட்டம் இல்லை. ஊசிக்குப் பின் நேரும் தீங்குகளைப் பதியும் முறையைத் தொற்றுநோய் விஞ்ஞானப் பிரிவு 1996ஆம் ஆண்டு முதல் நடத்திவருகிறது. நன்றாகவே நடத்துகிறது, குறை சொல்லமாட்டேன். 2008ஆம் ஆண்டு ஜனவரியிற் புதிதாகக் கொண்டுவந்த ஐந்து நோய்க்கான கூட்டு ஊசியைச் சில குழந்தைகள் இறந்ததும் ஏப்ரலிலேயே நிறுத்தினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் நிபுணர்களைக் கொண்டு ஆராய்ந்து 2010இல் மறுபடியும் தொடங்கினார்கள். 2009இல் மாத்தறைப் பாடசாலையொன்றில் ருபெல்லா ஊசி ஏற்றப்பட்ட மாணவி ஒருவர் இறந்தபோதும் ஊசி நிறுத்தப்பட்டது, விசாரணை நடந்தது. நோயை அறியவும் மருந்தை அறியவும் ஏற்பாடு உண்டு. பறிகொடுத்த வீட்டுக்கு என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு இல்லை.

அப்படியானால் இருக்கும் வழி? மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. 1969ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, தன் ஊழியர் கடமையின்போது செய்த தீங்குக்கு அரசும் பொறுப்பு. சட்டமா அதிபருக்கு ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து வழக்காடலாம். ஆனால் மூன்று மலைகளை ஏற வேண்டும். எவரோ கவனம் தவறினார் என்று காட்டவேண்டும். அத்தவறே இத்தீங்குக்குக் காரணம் என்று காட்டவேண்டும். நட்டம் இவ்வளவு என்றும் காட்டவேண்டும். நமுனுகுலை ஏறுவது எளிது!

இந்நாட்டு மருத்துவ வழக்குகளிற் பெயர்பெற்றது சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன. ஊசி வழக்கன்று, 1992ஆம் ஆண்டில் மூளைக்கட்டியால் இறந்த ஒரு சிறுமியின் தந்தை தொடுத்தது. மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா தீர்ப்பளித்தது. 2001ஆம் ஆண்டில் நாட்டின் அதியுயர் மன்றமாகிய உயர் நீதிமன்றம், கவனக்குறைவு இருந்ததென்று கண்டும், அக்கவனக்குறைவாற்றான் சாவு நேர்ந்ததென்று எண்பிக்கப்படவில்லையென்று அத்தீர்ப்பை நீக்கியது. பெற்றோரின் துயரத்துக்கு நம் உரோமன் டச்சுச் சட்டத்தில் விலையில்லை என்றும் கூறியது. அந்தத் தந்தை தாமே ஒரு சட்டத்தரணி. ஒன்பதாண்டு வழக்காடி அவர் கண்டது இது என்றால், பேர் போட்டு அரை நாட் சம்பளத்துக்குக் கொழுந்து நிறுக்கும் குடும்பம் என்ன காணும்? ஒரு நன்மை நடந்தது: ஒருவரின் சாவுக்கு நட்டஈடு பெறும் 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம், இறந்தவரின் அன்பையும் அரவணைப்பையும் துணையையும் இழந்ததற்காகவும் குடும்பத்தார் கேட்க இடம் தந்தது. எனினும் தவறு, காரணம் என்னும் இரு மலைகளும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

பின்னர் கொரோனா வந்தது. 2021 ஜனவரி 28ஆம் திகதி இந்தியா நன்கொடையாக 5 இலட்சம் ஊசி அனுப்பியது. மார்ச் மாதம் ‘கோவாக்ஸ்’ என்னும் உலகக் கூட்டு ஏற்பாட்டின் வழியே 2,64,000 ஊசி வந்தது. இரண்டும் அஸ்ட்ராசெனெக்கா மருந்து. புனேயில் ஒரே கம்பனியிற் செய்த ‘கோவிஷீல்ட்’. ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஏற்றிக்கொண்ட நிலையில், ஆறு பேருக்கு இரத்தம் உறைந்ததாகவும் மூவர் இறந்ததாகவும் அன்றைய சுகாதார அமைச்சர் ஏப்ரல் மாதம் பாராளுமன்றத்தில் அறிவித்தார். இம்மருந்து மிக அரிதாக அத்தகைய உறைவை உண்டாக்கக்கூடும் என்பதைக் கம்பனியே இலண்டன் வழக்கொன்றில் 2024ஆம் ஆண்டில் ஒப்புக்கொண்டது.

இந்தியாவிலும் இக்கேள்வி எழாமலில்லை. மகளைப் பறிகொடுத்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் சென்றபோது, 2022 நவம்பரில் மத்திய அரசு அளித்த சத்தியக் கடதாசி, “அரசு பொறுப்பன்று, வேண்டுமாயின் சிவில் நீதிமன்றம் செல்லலாம்” என்றது. போ என்று சொன்ன இடம் எத்தகைய இடம் என்பதைத்தான் சற்றுமுன் சொன்னேன்.

கோவாக்ஸ் ஏற்பாட்டில் ஒரு புதுமை இருந்தது. வருவாய் குறைந்த 92 நாடுகளுக்கு, இலங்கையும் அவற்றுள் ஒன்று, யார் தவறு என்று கேளாமல் நட்டஈடு தரும் திட்டமொன்றை உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் அமைத்தது. சாவுக்கும் நிலையான ஊனத்துக்கும் ஒரே தொகை. மருத்துவர் சான்று வேண்டும். தொகையை அளக்கும் முறை, நாட்டின் தலா உற்பத்தியைப் பன்னிரண்டால் பெருக்கி, தீங்கின் தன்மைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது. ஏழை நாட்டு உயிருக்கு ஏழை விலை என்று எனக்குக் கசக்கத்தான் செய்கிறது. ஆயினும் ஒன்றுமில்லாத இடத்தில் அது ஒன்று.

இப்போது கூர்ந்து கேளுங்கள். ஒரே கம்பனி, ஒரே மருந்து, ஒரே குளிர்ப்பெட்டி. ஆனால் இந்தியா தந்த புட்டியிலிருந்து ஏற்றிக்கொண்டவருக்கு இத்திட்டத்தில் இடமில்லை. கோவாக்ஸ் வழி வந்த புட்டியிலிருந்து ஏற்றிக்கொண்டவருக்கு இடம் உண்டு! நம் நாட்டில் மிகப் பெரும்பாலோருக்கு ஏற்றிய சீனத்துச் சினோபார்ம், அரசு நேரே வாங்கியதானால் அதற்கும் இடமில்லை. எந்தப் புட்டி தனக்கென்று எந்தத் தொழிலாளி தேர்ந்தெடுத்தார்? பெரட்டுக்களத்தில் நிற்பதுபோல் வரிசையில் நின்றோம், கையை நீட்டினோம். அட்டையில் எழுதிய தொகுதி இலக்கம் ஒன்றே இன்று வாசலைத் திறக்கும் சாவி. அந்த அட்டையை எத்தனை பேர் வைத்திருக்கிறீர்கள்? கோவாக்ஸ் 2023 டிசம்பர் 31உடன் முடிந்துவிட்டது. நட்டஈட்டு விண்ணப்பத்துக்கும் காலவரையறை உண்டு. சந்தேகமுள்ளவர்கள் காலம் தாழ்த்தாதீர்கள்.

இன்னொரு முள்ளும் அதில் உண்டு. அத்தொகையை வாங்குவோர், இனி எவர்மீதும் இதுபற்றி உரிமை கோருவதில்லை என்று முழுமுற்றான தீர்வாக ஏற்றே வாங்க வேண்டும். பிரித்தானியச் சட்டத்தில் வாங்கியபின்னும் வழக்காடலாம் என்றேனே, நினைவிருக்கிறதா? இலண்டனில் வாழ்பவருக்கு இரண்டு கதவு. லுணுகலையில் வாழ்பவருக்கு ஒரு கதவு.

“இனி உரிமை கோருவதில்லை” என்னும் அந்த வாசகத்தைப் பற்றித்தான் நான் உங்களிடம் அதிகம் பேச விரும்புகிறேன். சில காலத்துக்கு முன் இம்மாவட்டத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் என்னிடம் வந்தார். மூன்று வயதுப் பிள்ளை. ஊசி ஏற்றிய பின் வலிப்புக் கண்டு, நடையும் பேச்சும் நின்றுவிட்டன என்பது அவர் முறைப்பாடு. ஊசிதானா காரணம்? மருத்துவர் இருவரைக் கேட்டேன். ஒருவர் இருக்கலாம் என்றார், ஒருவர் இராது என்றார். எதிர்த்தரப்பு யாரென்று நான் சொல்லப்போவதில்லை. அவர்கள் ஒரு தொகையும் ஒரு தாளும் அனுப்பியிருந்தார்கள். தாள் ஆங்கிலத்தில் இருந்தது. “கைநாட்டு வச்சா காசு குடுக்கிறாங்களாம் ஐயா, வைக்கவா?” என்று கேட்டார். படித்துப் பொருள் சொன்னேன். பிள்ளையின் சார்பிலும், பெற்றோர் சார்பிலும், இன்றும் இனி என்றும், தெரிந்த தீங்குக்கும் தெரியாத தீங்குக்கும், எங்கும் எவரிடமும் பேசுவதில்லை என்ற உறுதியோடு உரிமை துறந்ததாக அத்தாள் கூறியது. சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு அந்தத் தாய் கேட்டார்: “காசு முடிஞ்சு போகுமுங்க. புள்ள முடிஞ்சு போகுமா?”

சட்டக் கல்லூரியில் இதைவிடத் தெளிவாக எவரும் எனக்கு நட்டஈட்டுக் கொள்கையைக் கற்பித்ததில்லை.

தோழர்களே! தாளால் நம்மைக் கட்டுவது இம்மலைக்குப் புதிதா? ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்ததே! இந்தக் கங்காணியின் ஆட்கள் பட்ட கடனைக் கட்டினால் ஆட்களை விடுவிப்பேன் என்று துரை எழுதிய சீட்டு. அத்துண்டு கைமாறியபோது தொழிலாளரும் கடனோடு கைமாறினர். எழுதியதை அவர்கள் படிக்கவில்லை. படிக்கத் தெரிந்தவர் சொல்லவுமில்லை. 1921ஆம் ஆண்டில் துண்டைச் சட்டம் ஒழித்தது. படியாத தாளிற் பெருவிரல் ஒற்றும் பழக்கத்தை எந்தச் சட்டமும் ஒழிக்க முடியாது. நாமே ஒழிக்க வேண்டும்.

அந்த வழக்கில் சமரசமே வேண்டாமென்று நான் சொல்லவில்லை. பத்தாண்டு வழக்காடித் தோற்பதைவிட இன்று கிடைப்பது மேல் என்பதே என் கருத்தாக இருந்தது. காரணத்தை எண்பிக்கும் மலையை நான் அளந்திருந்தேன். ஆனால் எந்தச் சமரசம்? சிறுவர் சார்பிற் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். வழக்கு நடக்கும்போது, அவ்வனுமதியின்றிப் பெற்றோர் இட்ட கையொப்பம் பிள்ளையைக் கட்டாது. பல தோட்டங்களில் இவ்வுண்மை தெரியாமலே வீட்டு வாசலில் கணக்கு முடிக்கப்படுகிறது. எனவே நீதிமன்றத்தின் முன் வைத்தே பேசினோம். குற்றம் ஒப்புக்கொள்ளப்படவில்லை என்று அவர்கள் எழுத விரும்பினார்கள், எழுதட்டும் என்றேன். ஊசிதான் காரணமில்லை என்று நாங்கள் ஒப்புவதாக எழுத விரும்பினார்கள். அது முடியாது என்றேன். தொகையை வெளியிடக் கூடாதென்றார்கள்; இசைந்தோம், ஆகவே உங்களுக்கும் சொல்லமாட்டேன். பிள்ளைக்கு நேர்ந்ததைப் பேசக்கூடாதென்றார்கள். அந்த வரியை வெட்டினோம். சுகாதார அதிகாரிக்கும் மருத்துவருக்கும் உண்மையைச் சொல்லத் தடுக்கும் ஒப்பந்தம் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் கேடு.

தொகையை விட நாங்கள் அதிக நாள் வாதிட்டது அது எப்படிக் கொடுக்கப்படும் என்பதைப் பற்றி. ஒரே நாளிற் கையிற் கொடுத்தால் என்னாகும் என்பது உங்களுக்குத் தெரியும். கடன்காரர் வருவார், அடகுக்கடைக்காரர் வருவார், கல்யாணம் கருமாதி வரும். ஆகவே பெரும்பகுதி நீதிமன்றத்தின் பேரில் வங்கியில் வைப்பு. வட்டி மாதந்தோறும் மருந்துக்கும் பயிற்சிக்கும். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு வந்துபோகும் வண்டிக்கூலி தனி. பிள்ளையைப் பார்க்க வேலையை விட்ட தாயின் இழந்த சம்பளமும் கணக்கிற் சேர்ந்தது. இதைச் சேர்க்க அவர்கள் முதலில் மறுத்தார்கள். வீட்டில் பிள்ளை பார்ப்பது வேலையாகுமா என்று கேட்டார்கள்! பிள்ளைக்காம்பராவில் பிள்ளை பார்ப்பவருக்குத் தோட்டம் சம்பளம் கொடுக்கிறதே, அது எதற்கு என்று கேட்டேன். பதினெட்டு வயதானதும் பணம் அப்படியே பிள்ளை கையிற் சேரும் என்பது வழக்கமான வாசகம். ஆனால் தன் பெயரையே சொல்லவியலாத பிள்ளைக்கு அது பொருந்தாது. அதன் பிறகும் பொறுப்பாளர் ஒருவர் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்டவேண்டுமென்று எழுதினோம். தாள் தமிழிலும் எழுதப்பட்டது. நீதிமன்றத்தில் அது வாசிக்கப்பட்டபோது அந்தத் தாய் இரண்டிடத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டார். அதன் பின்னரே ஒப்பமிட்டார்.

காலத்தைப் பற்றியும் ஒரு சொல். தீங்குக்கான வழக்கை இரண்டாண்டுக்குள் தொடுக்க வேண்டுமென்று 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. பிள்ளையின் சொந்த உரிமைக்குப் பராயமடையும்வரை அக்காலம் ஓடாது. ஆனால் தாய் தந்தையரின் செலவுக்கும் இழப்புக்கும் அது ஓடிக்கொண்டேயிருக்கும். “பிறகு பார்ப்போம்” என்னும் சொல் இரண்டாண்டில் வழக்கைக் கொன்றுவிடும்.

பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைத் தகரப் பெட்டியில் அடையாள அட்டையோடு வையுங்கள். ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், நாள் எழுதப்பட்டிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் எந்த நாள், எந்த நேரம், என்ன கண்டீர்கள் என்று பள்ளிக்கூடம் போகும் மூத்த பிள்ளையைக் கொண்டாவது ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்; அயர்லாந்துத் தாய் இருபதாண்டு கழித்து நினைவிலிருந்து தேடியதை நீங்கள் தேட வேண்டியிராது. உடனே மருத்துவ மாதுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் அறிவியுங்கள். அறிவித்தது முறைப்பாடன்று, பதிவு. அந்தப் பதிவே பிறகு உங்கள் சாட்சி. பணிமனையிலுள்ள ஏடுகளின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம், பதினான்கு வேலைநாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லையானால் 1978ஆம் ஆண்டு முதல் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே மலையேற வேண்டுமென்பது நாம் கேட்கும் நீதியன்று. பாராளுமன்றத்திடம் நாம் கேட்பது ஒரு சிறு சட்டம். அரசு பரிந்துரைத்த எந்த ஊசியானாலும், அது எந்த வழியாக வந்திருந்தாலும், அதனால் நிலையான தீங்கு நேர்ந்திருக்கக்கூடும் என்று மருத்துவர் குழு கருதினால், தவறு யாருடையதென்று கேளாமல் நட்டஈடு. ஐயம் சமமாக நிற்கும்போது தராசு பிள்ளையின் பக்கம் சாய வேண்டும். விண்ணப்பம் தமிழிலும் சிங்களத்திலும். பிரதேச செயலகத்திலேயே ஏற்கப்படவேண்டும். இங்கே பல பிரிவுகள் இருமொழிப் பிரிவுகள் என்று அறிவிக்கப்பட்டவைதாமே! முடிவு ஓராண்டுக்குள். பெற்ற தொகை நீதிமன்றக் கதவை மூடலாகாது. பணம் எங்கே என்று கேட்பார்கள். கொரோனா ஊசியைத் தவிர்த்துப் பார்த்தால், இத்தகைய தீங்கு ஓராண்டில் எத்தனை பேருக்கு நேரும்? மிக அரிது, மிக அரிது என்று சொல்பவர்கள் அவர்களேயல்லவா? மிக அரிதானால் செலவும் அரிதே!

“இப்படிச் சட்டம் செய்தால் மக்கள் ஊசிக்கு அஞ்சுவார்களே” என்று மருத்துவ நண்பர் ஒருவர் என்னிடம் வாதித்தார். நான் கண்டது வேறு. கொரோனா நாட்களில் தோட்டம் தோட்டமாகச் சென்றபோது ஊசிக்கு அஞ்சியவர்கள் என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றே: “எனக்கு ஏதாச்சும் ஆனா புள்ளைகள யாரு பாப்பா?” அதற்கு விடை சொல்லும் அரசாங்கம் ஊசி ஏற்றிக்கொள்ள மக்களைக் கெஞ்ச வேண்டியிராது.

இக்கோரிக்கை எழுதிய மகஜர் மண்டப வாயிலில் மேசைமீது இருக்கிறது. தமிழில் ஒரு பிரதி, சிங்களத்தில் ஒரு பிரதி. அவசரமில்லை, தேநீர் இருக்கிறது, அமர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்ட நம் இளைஞர்கள் நால்வர் அங்கே இருப்பார்கள். ஊசி அட்டையோ பதிவேடோ கொண்டுவந்திருப்பவர்கள் மேசையின் இடப்பக்கம் வாருங்கள். தொகுதி இலக்கங்களை நானே இருந்து குறித்துக்கொள்கிறேன்.